சொந்த வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தூர் மிட்டூரில் அகிலாவின் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

அகிலாவின் அண்ணன் அண்ணாதுரை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். மகள் பிரித்திகா ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில், மடியில் செல்போன். அகிலா எங்கேயும் உட்காரவில்லை. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

டிவிக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அது சாய்குமாருடையது. அவர் அதில் உட்கார்ந்து பல தீபாவளி ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் யாரும் அதில் உட்காருவதில்லை, அதை எடுத்து மாடியில் போடுவதும் இல்லை. துடைத்து மட்டும் வைப்பார்கள்.

டீப்பாயின் மேல், ரிமோட்டின் அடியில், அந்தக் கடிதம் இருந்தது. போன வாரம் ரிஜிஸ்தர் தபாலில் திருப்பதி வக்கீலிடமிருந்து வந்தது. பி.எஃப். விஷயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அகிலா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்ப்பவளுக்கு வேறு யார் இங்கிலீஷில் கடிதம் எழுதப் போகிறார்கள்?

அண்ணாதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மனு அடித்துக் கொடுப்பவர். எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்துதான் படிப்பார்.

“இன்னொரு தபா படிக்கிறேன், கேளு. ‘மை கிளையண்ட்’னா சாய்குமார். ‘ஹிஸ் எஸ்ட்ரேஞ்ச்டு ஒய்ஃப்’னா நீ.”

“ஒய்ஃப்னா நான்னு எனக்குத் தெரியும்ண்ணா. அதுக்கு முன்னாடி கீறது இன்னா?”

“அது வக்கீலுங்க பாஷை. ஒரு மரியாதைக்குப் போடறது.”

“மாமா,” என்றாள் பிரித்திகா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “கடைக்கு வரவங்களுக்கும் நீங்க இப்படித்தான் அர்த்தம் சொல்றீங்களா?”

“அப்போ நீ சொல்லு, பி.எஸ்ஸி.”

 பிரித்திகா ஏற்கெனவே தேடி எடுத்துவிட்டாள் என்பது அவள் கட்டை விரல் நின்ற விதத்தில் தெரிந்தது.

“படி,” என்றாள் அகிலா.

“பிரிஞ்சு போன. முன்னாடி நெருக்கமா இருந்து, இப்ப சேர்ந்து வாழாத, பேச்சுவார்த்தை இல்லாத. கணவன், மனைவி, அப்பா, பிள்ளை... இவங்களுக்கு முன்னாடி போடுவாங்களாம்.”

அகிலா உள்ளே போய் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள்.

“பேச்சுவார்த்தை இல்லாதன்னா போட்டுக்கீது?”

“ஆமாம்மா.”

“அப்போ அந்த வார்த்தை தப்பு. நாங்க பேசிக்கினுதானே கீறோம்?”

“இன்னாத்த பேசிக்கினு கீற நீ?” அண்ணாதுரை கண்ணாடியைக் கழற்றினார். “போன் பண்ணி ‘கேரியர் வந்துச்சா’ம்ப. ‘வந்துச்சு’ம்பான். அதுக்குப் பேரு பேச்சா?”

 அது பேச்சுதான் என்று அகிலாவுக்குத் தோன்றியது. இந்தத் தெருவில் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களே அதைவிடக் குறைவாகப் பேசிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

சாய்குமார் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை கிடைத்துப் போனார். முதலில் வாராவாரம் வந்தார். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் உகாதி, தீபாவளி. அப்புறம் சீசன், கூட்டம், லீவு இல்லை. எந்த நாளில் வருவது நின்றது என்று கேட்டால் அகிலாவால் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிறு தவறாமல் கேரியர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கேழ்வரகுக் களி, ஒரு குழம்பு, வேர்க்கடலைச் சட்னி. பஸ் கண்டக்டர் சீட்டின் அடியில் ஏறி, திருப்பதி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இறங்கும். செவ்வாய்க்கிழமை காலி கேரியர் திரும்பி வரும்.

காலியாக இல்லை. அதுதான் விஷயம்.

முதலில் பல வருஷம் அலசியும் அலசாமலும், எண்ணெய் வாசனையோடுதான் வந்தது. ஒன்றரை வருஷமாக அப்படி இல்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வந்தது. மேலடுக்கைத் திறந்தால் அடியில் ஒரு பிடி சர்க்கரை இருந்தது. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சாய்குமார் அதைச் செய்வார் என்று அகிலா எதிர்பார்த்ததில்லை. வயசாகிறது, மனசு இளகுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சர்க்கரையைத் தனி டப்பாவில் போட்டு வைத்தாள். செவ்வாய்க்கிழமை காப்பிக்கு அதைத்தான் போடுவாள்.

“வார்த்தை தப்போ சரியோ,” அண்ணாதுரை குரலைத் தணித்தார், “விஷயத்தைப் பாரு. ரெண்டாயிரத்துப் பதினாறு ஜூன்லேர்ந்து ரெண்டு பேரும் பிரிஞ்சு கீறோம், சம்மதமா விவாகரத்து வேணும்னு நீ கையெழுத்து போடற. அவன் இந்த வீட்டை உன் பேருக்கு எழுதித் தரான். போடலன்னு வெச்சிக்கோ, வீடு அவன் பேர்ல கீது. நாளைக்கே வித்துட்டுப் போவான். நீயும் இவளும் எங்க போவீங்க?”

“சர்க்கரை வெச்சி அனுப்பறவரு எப்படிண்ணா பிரிஞ்சவரு ஆவாரு?”

அண்ணாதுரை மருமகளைப் பார்த்தார். பிரித்திகா போனைப் பார்த்தாள்.

“மூணு மணிக்கு வக்கீலம்மா வரச் சொல்லிக்கீறாங்க. நானும் வரேன்.”

“வேணாண்ணா. இவ வரட்டும் போதும்.”

குழம்பை நடு அடுக்கில் ஊற்றினாள். களியை உருட்டிக் கீழடுக்கில் வைத்தாள். கொக்கியை மாட்டினாள். எப்போதும் போலத்தான் செய்தாள். கை எதையும் மறக்கவில்லை.

* * *

கண்டக்டர் கேரியருக்காகக் கை நீட்டினார். அகிலா கொடுக்காமல் ஏறினாள்.

“இன்னாக்கா, இன்னைக்கு கேரியருக்குத் துணையா நீயும் வரியா?”

“ரெண்டு டிக்கெட்டு. திருப்பதி.”

“கேரியருக்கு ஹாஃப் டிக்கெட்டு போடட்டா?”

பிரித்திகா சிரித்தாள். அகிலா சில்லறையைச் சரி பார்த்து வாங்கிக்கொண்டாள்.

ரோட்டோரம் நெடுக மாங்காய் டிராக்டர்கள் கூழ் கம்பெனிகளை நோக்கி வரிசையில் நின்றன. பூதலப்பட்டு தாண்டியது. பாக்காலா நெருங்கும்போது அகிலா கேட்டாள்.

“அந்த வார்த்தையை வெச்சி எழுதின வாக்கியம் ஏதாவது கீதா அதுல?”

“நிறைய கீதும்மா. ‘அவருடைய எஸ்ட்ரேஞ்ச்டு மனைவியிடம் போலீஸார் விசாரித்தனர்.’ ‘எஸ்ட்ரேஞ்ச்டு கணவன் வாசலில் நின்று கத்தினான்.’ ‘எஸ்ட்ரேஞ்ச்டு மகன் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.’”

“ஒருத்தராவது சும்மா கீறாங்களா?”

“சும்மா இருந்தா அவங்களைப் பத்தி யாரும்மா எழுதப் போறாங்க?”

அகிலா சித்தூரில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் வாத்தியார் தினம் ஒரு வார்த்தை போர்டில் போடுவார். எழுத்து, அர்த்தம், கடைசியில் சொந்த வாக்கியம். புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தைக் காப்பி அடித்தால் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. அகிலாவுக்கு எழுத்தும் அர்த்தமும் எப்போதும் சரியாக இருக்கும். கோடு விழுவது மூன்றாவதில்தான். தன் வீட்டைப் பற்றி இங்கிலீஷில் எழுத அவளிடம் எதுவும் இருந்ததில்லை.

“நீ நைனாவை இன்னா கேக்கப் போற?” என்றாள் பிரித்திகா.

“ஒண்ணும் இல்ல. அந்த வார்த்தையை எடுத்துடுங்கன்னு சொல்லுவேன்.”

“வீடு?”

“அதை எடுத்துட்டா அப்புறம் வீட்டுப் பேச்சே இல்லையே. எல்லாம் எப்பவும் போல இருக்கும்.”

பிரித்திகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்து, சந்திரகிரி வரும்வரை வாயில் வைத்திருந்து, விழுங்கிவிட்டாள்.

* * *

வக்கீல் ப்ரியம்வதாவின் ஆபீஸ், கபிலதீர்த்தம் போகிற வழியில் அவர் வீட்டின் முன்னறைதான். நெற்றியில் மெல்லிய கோடாகத் திருச்சூர்ணம். மேஜை மேல் ஒரே ஒரு கோப்பு. சாய்குமார் முன்பே வந்து மேஜைக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். மீசைக்குக் கறுப்பு அடித்திருந்தார். தலைக்கு அடிக்க அவ்வளவாக முடி இல்லை.

“அதை எதுக்குத் தூக்கிக்கினு வந்தே?” என்றார் கேரியரைப் பார்த்து. அவர் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டாவதாகத்தான் மகளிடம், “நல்லா கீறியாம்மா?” என்றார்.

“கீறேன் நைனா.”

“உக்காருங்கோ,” என்றார் ப்ரியம்வதா. “நோட்டீஸைப் படிச்சுப் பாத்தேளா? சந்தேகம் ஏதாவது இருந்தா தாராளமா கேளுங்கோ. நான் அவர் பக்கத்து வக்கீல்தான். ஆனா உங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கறதுக்கில்லை.”

“ஒரு வார்த்தைதாம்மா சந்தேகம்.” அகிலா காகிதத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தாள். “அர்த்தம் தெரிஞ்சிக்கினேன். ஆனா இதுல யாரு விட்டுட்டுப் போனாங்கன்னு கீதா?”

ப்ரியம்வதா அந்த வரியை ஒரு முறை பார்த்தார்.

“இல்லை.”

“ஒருத்தர் போனாலும் இதே வார்த்தைதானா? போனவருக்கும் இதான், இருந்தவளுக்கும் இதானா?”

“அதேதான். அதுக்காகத்தான் அதைப் போடறது. யார் மேலயும் பழி விழாது பாருங்கோ. கோர்ட்டுக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம்.”

“எனக்கு இன்னாம்மா சௌகரியம்? நாங்க பிரியவே இல்லையே.”

சாய்குமார் நாற்காலியில் அசைந்தார். “அகிலா, ஊர்ல பேசிக்கிற மாதிரி பேசாதே. ஒம்போது வருஷமா நான் ஒரு ஊரு, நீ ஒரு ஊரு.”

“ஊரு வேறதான். வாராவாரம் கேரியர் வருதே.”

“கேரியர் வந்தா?”

“நீங்களும்தானே திருப்பி அனுப்பறீங்க. வெறுமனே அனுப்பாம, சர்க்கரை போட்டு.”

“இன்னா சர்க்கரை?”

கேட்டுவிட்டார். கேட்டபின்தான் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. வக்கீலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கர்சீப்பை எடுத்து உதட்டுக்கு மேலே ஒற்றினார். மீசையின் கறுப்பு கொஞ்சம் கர்சீப்பில் ஒட்டியது.

பிரித்திகா மெதுவாகக் கேட்டாள். “நைனா, போன வாரம் கேரியர்ல இன்னா வந்துச்சு?”

“எப்பவும் வரதுதான். கோழி.”

“கருவாட்டுக் குழம்பு நைனா.”

ப்ரியம்வதா பேனாவின் மூடியைத் திருகி மூடினார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். புரிந்ததை அவர் மேஜை மேல் வைக்கவில்லை.

அகிலாவுக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. கம்பெனியில் குளிர் அறைக்குள் போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தால் இப்படித்தான் இருக்கும். விரலில் தகரம் கீறி ரத்தம் வந்துகொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கிறவள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். வலி சாயங்காலம் வரும்.

ஒன்றரை வருஷம். அவள் ஒரு பக்கம் களி உருட்டி அனுப்பியிருக்கிறாள், எதிர்ப்பக்கம் வேறு யாரோ ஒருத்தி சாப்பிட்டு, கழுவி, சர்க்கரை போட்டு அனுப்பியிருக்கிறாள். அதைத்தான் அவள் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுதான். ஆள்தான் வேறு.

“அம்மா,” என்றாள் அவள் வக்கீலிடம், “அந்த வார்த்தை இருக்கட்டும். சரியான வார்த்தைதான்.”

சாய்குமார் மூச்சை வெளியே விட்டார்.

“ஆனா தேதி தப்பு. ரெண்டாயிரத்துப் பதினாறு ஜூன்லேர்ந்துன்னு போட்டுக்கீறீங்க. அப்ப நான் பிரியல. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் இவருக்குப் பொண்டாட்டியாத்தான் சமைச்சேன். எனக்கு அந்த வார்த்தை வந்தது இன்னைக்கு. இன்னைக்குத் தேதி போடுங்க, கையெழுத்து போடறேன்.”

“இன்னைக்கு தேதியா?” சாய்குமார் வக்கீலைப் பார்த்தார். “போட்டா இன்னா ஆவும் மேடம்?”

ப்ரியம்வதா அகிலாவைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னார். “சம்மதத்தின் பேரில் மனு போடணும்னா, ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும். தனித்தனி ஊர்ல இருக்கறது மட்டும் பிரிவு இல்லை. புருஷன் பெண்டாட்டியா இருந்தாளா இல்லையாங்கறதுதான் கணக்கு. இவா இன்னிவரைக்கும் மனைவியா இருந்தேன்னு சொன்னா, இன்னிலேர்ந்து ஒரு வருஷம் காத்திண்டிருக்கணும்.”

“ஒரு வருஷமா?” சாய்குமார் எழுந்துவிட்டார். “அகிலா, விளையாடறியா? உனக்கு வீடு வேணாமா?”

“வேணும். அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன்.”

“அதுவரைக்கும் நான் அதை விக்காம வெச்சிருப்பேன்னு இன்னா நிச்சயம்?”

“ஒரு நிச்சயமும் இல்ல,” என்றாள் அகிலா.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் யாராவது மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் சாய்குமாரைத் திரும்ப உட்கார வைத்தது.

“சும்மா ஒரு தேதிதானே,” என்றார் கெஞ்சலாக. “போட்டா இன்னா கொறைஞ்சிடுவே?”

“அந்த வருஷமெல்லாம் பொய்யாயிடும்.”

கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாய்குமாரின் கை பழக்கத்தில் அதை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. அகிலா அதைக் கவனிக்காதவள் போலக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

* * *

பஸ் ஸ்டாண்டில் தரணியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அகிலா கேரியரைப் பிரித்தாள்.

“பசிக்குது,” என்றாள். “வா, துன்னலாம்.”

பிரித்திகாவுக்குப் பசி இல்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். களி ஆறிப்போயிருந்தது. குழம்பு நன்றாக இருந்தது. அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து அனுப்பிவிட்டு, மீதி ஒட்டியிருக்கும் சட்டியில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்களே தவிர, உட்கார்ந்து கேரியரிலிருந்து சாப்பிட்டதில்லை.

“ஏம்மா,” கடைக்காரி தரணி வடிகட்டியோடு வந்து நின்றாள். “யாரும்மா நீங்க? அது லாட்ஜ் மேனேஜரோட கேரியரு. இங்கதான் வரும், இங்கேர்ந்துதான் போவும். நீங்க பாட்டுக்குத் தொறந்து துன்னுக்கினு கீறீங்க?”

“செஞ்சது நான்தான்.”

தரணி கேரியரைப் பார்த்தாள், அகிலாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அடடே. சித்தூர் அக்காவா நீங்க? மேனேஜரோட அக்கா?”

பிரித்திகாவின் கை களியிலேயே நின்றது. அகிலா ஒரு எலும்பை ஓரமாக வைத்தாள்.

“யாரு சொன்னது?”

“அவரு வீட்டம்மாதான். கேரியர் எடுக்க வரும்போதெல்லாம் உங்க பேச்சுதான். ‘அவங்க அக்கா சமையல் மாதிரி வராது எனக்கு’ம்பாங்க. கூடப்பொறந்தவங்க வீட்டுக்கு வெறும் பாத்திரம் போவக்கூடாதுன்னு என் கடையிலதான் சர்க்கரை வாங்கிப் போடுவாங்க. ஒரு தபா நான் சொன்னேன், நாத்தனாருக்கு இவ்ளோ மரியாதை எங்கியும் பாத்ததில்லம்மான்னு. வெக்கப்பட்டாங்க.”

“நல்லவங்கதான் போலிருக்கு.”

“தங்கமானவங்க. பேரு கூட...”

“பேரு வேணாம்,” என்றாள் அகிலா.

தரணி புரியாமல் நின்றாள். அடுப்பில் பால் கூப்பிட்டது, போய்விட்டாள்.

பிரித்திகா மெல்லக் கேட்டாள். “ஏம்மா, பேரு?”

“தெரிஞ்சா திட்டணும்னு தோணும். இப்ப ஒண்ணும் தோணல. இப்படியே இருக்கட்டும்.”

சாப்பிட்டு முடித்தார்கள். கீழடுக்கில் ஓரம் ஒட்டியிருந்த களியில் ஒரு சிட்டிகையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அடுக்குகளைக் குழாயடியில் கழுவினாள். பக்கத்துக் கடையில் ஒரு கவர் வாங்கினாள்.

“தரணியம்மா, அவங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?”

“பேசுவாங்க. எழுத்து தெலுகுதான்.”

அகிலாவுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. பிரித்திகாவுக்கு இரண்டும் வரும். அகிலா மகளின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“நான் சொல்றேன், நீ தெலுகுல எழுது. நமஸ்காரம் போடு. சர்க்கரை வாராவாரம் வந்து சேர்ந்துது. நான் அதைத் தனியா எடுத்து வெச்சிக் காப்பிக்குப் போட்டேன்.”

பிரித்திகா எழுதினாள்.

“போன வாரம் கருவாட்டுக் குழம்புல உப்பு ஒரு கல்லு ஜாஸ்தியாயிடுச்சு. மனசுல வெச்சிக்காதீங்க.”

“அம்மா.”

“எழுது. நான் சாய்குமாருக்கு அக்கா இல்ல.”

பேனா நின்றது. ஒரு பஸ் ரிவர்ஸில் வந்து, விசில் ஊதி, நின்றது. அகிலா காத்திருந்தாள். பேனா மறுபடி நகர்ந்தது. மகளின் கண்ணிலிருந்து விழுந்தது தாளின் ஓரத்தில்தான் விழுந்தது, எழுத்தில் படவில்லை.

“அப்புறம்?”

“‘நான் அவருடைய’ன்னு எழுதிட்டுக் கொடு.”

எழுதிக் கொடுத்தாள். அகிலா பேனாவை வாங்கினாள். காகிதத்தை நேராக வைத்துக்கொண்டு, வக்கீல் நோட்டீஸைப் பக்கத்தில் விரித்துப் பார்த்து, அந்த இங்கிலீஷ் வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அடுத்து மனைவி என்பதையும் இங்கிலீஷிலேயே எழுதினாள். கீழே அன்றைய தேதி. கீழே கையெழுத்து. பத்தாவது வகுப்பு எழுத்து இன்னும் அப்படியே சாய்ந்து நின்றது.

“அதைத் தெலுகுல எழுதலாம்மா. ‘விடிபோயின’ன்னு போட்டாப் போதும், புரிஞ்சிடும்.”

“வேணாம். அவங்களும் யாரையாவது கேட்டு அர்த்தம் தெரிஞ்சிக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்ல, அந்த வார்த்தை.”

தாளை நாலாக மடித்துக் கவரில் போட்டாள். கீழடுக்கில் விட்டு வைத்திருந்த களியை விரலால் எடுத்து, கவரின் விளிம்பில் தேய்த்து, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். நன்றாகப் பிடித்துக்கொண்டது. கீழடுக்கையும் கழுவினாள்.

தரணியிடம் ஒரு பிடி சர்க்கரை வாங்கி நடு அடுக்கில் போட்டாள். கவரை மேலடுக்கில் வைத்து மூடிக் கொக்கியை மாட்டினாள்.

“இதை அந்தம்மா கையில கொடுத்துடுவீங்களா? அவரு கையில வேணாம்.”

“அவரு எங்க வராரு, ஒன்றரை வருஷமா ஒரு நாளு வந்ததில்ல.” தரணி கைக்கடியாரத்தைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை சாப்பாடு இன்னும் வரலியேன்னு அவங்களே தேடிக்கினு இருப்பாங்க. பக்கத்துத் தெருதான். நானே வண்டியில போய்க் குடுத்துட்டு வந்துடறேன். கடையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா அக்கா?”

“பாத்துக்கிறேன்.”

தரணி ஸ்கூட்டியின் முன் கொக்கியில் கேரியரை மாட்டினாள்.

பிரித்திகாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையை அம்மாவின் பக்கம் திருப்பினாள். நைனா.

“இன்னாம்மா பண்ணட்டும்?”

அகிலா போனைப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் குமிழைத் திருப்பி அடுப்பைச் சின்னதாக்கினாள். போன் அடித்து நின்றது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில், உள்ளே நுழையும் இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, ஸ்கூட்டி இடப்பக்கம் திரும்பியது. கேரியர் ஒரு முறை ஆடி, வெயிலில் மின்னி, மறைந்தது.